கடைவாய்ப் பல்லுக்கு இம்பிளான்ட்: ஆறு மாத அனுபவம்

வேர் உடைந்து பிடுங்கப்பட்ட கீழ்க் கடைவாய்ப் பல்லின் இடத்தில் இம்பிளான்ட் (செயற்கைப் பல்லைத் தாங்க, தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகு) பொருத்திக்கொண்டு ஆறு மாதங்கள் ஆகின்றன. இன்று அந்தப் பக்கத்தில் தயக்கமின்றி மெல்ல முடிகிறது. முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, தாடை எலும்பின் உயரத்தையும் அதனுள் ஓடும் நரம்பு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் திரையில் காட்டி விளக்கிய பிறகே மருத்துவர் நாள் குறித்தார். மரத்துப்போகும் ஊசி போட்டிருந்ததால், துளையிடும்போது அதிர்வு மட்டுமே தெரிந்தது, வலி இல்லை.

சோதனை அதற்குப் பிறகுதான். மறுநாளைவிட மூன்றாம் நாள் கன்னம் கூடுதலாக வீங்கியிருந்ததைக் கண்ணாடியில் பார்த்துப் பதறிப்போனேன். இரண்டு, மூன்று நாள்களில் வீக்கம் உச்சத்தை எட்டிப் பிறகு வடிவது இயல்பு என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கொடுத்தனுப்பிய தாளில் மாத்திரை வேளைகள் மட்டுமே இருந்தன. அந்த மருத்துவமனை மீது எனக்குள்ள ஒரே குறை இது. முதல் நாள் கொப்பளிக்கவே இல்லை. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் நிறுத்தி, துப்பாமல் மெதுவாக வழியவிட்டேன். காயத்தை மூடிய இரத்தக்கட்டி கலையவில்லை. பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள்.

டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதைக் கண்டறிந்து, 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தியவர் ஸ்வீடன் மருத்துவர் பிரோனேமார்க். அந்தப் பிணைப்புக்காக நான்கு மாதங்கள் காத்திருந்த பின்பே எனக்குச் செராமிக் பல் பொருத்தினார்கள். புகைபிடிப்பவர்களுக்கு இது தோற்கும் வாய்ப்பு அதிகம். அவர்கள் முதலில் அதை நிறுத்திவிட்டு வருவது நல்லது.