2 நிமிட விமானமா, 19 மணி நேர விமானமா?

அட்டவணை போட்டுப் பறக்கும் பயணிகள் விமானங்களில் உலகிலேயே குட்டியான பயணம் ஸ்காட்லாந்தின் வடக்கே, ஓர்க்னி தீவுகளில் இருக்கிறது. வெஸ்ட்ரே தீவில் ஏறினால் பாப்பா வெஸ்ட்ரே தீவில் இறங்கலாம். தூரம் 2.7 கிலோமீட்டர். இடையில் எங்கும் நிற்காமல் பறப்பவற்றில் மிக நீளமானது சிங்கப்பூருக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே பறக்கிறது. அது 15,300 கிலோமீட்டருக்கு மேல். ஓர்க்னி விமானம் அந்தத் தூரத்தைத் தொட 5,600 தடவைக்கு மேல் பறக்க வேண்டும். பறப்பதற்காகவே ஊர் சுற்றுகிற ஆசை உள்ளவர் இரண்டில் எதற்கு முதலில் டிக்கெட் எடுக்க வேண்டும்? எனக்குச் சந்தேகமே இல்லை, குட்டி விமானத்துக்குத்தான். ஆனால் பெரியது சாதாரண எதிராளி இல்லை.

அதன் பெருமையை முதலில் பார்த்துவிடலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பரில் தொடங்கிய தடம் இது. ஏர்பஸ் ஏ350-900 விமானத்தின் நெடுந்தூர வகையைக் கொண்டு ஓட்டுகிறார்கள். இவ்வளவு தூரம் பறப்பதில் உள்ள பெரிய சிக்கல் எரிபொருள். நிறைய தூரம் போக நிறைய எரிபொருள் வேண்டும், அந்த எரிபொருளைச் சுமக்கவே இன்னும் கொஞ்சம் எரிபொருள் வேண்டும். கூடுதல் தொட்டி எதுவும் வைக்காமல், இருக்கிற எரிபொருள் அமைப்பையே மாற்றி 1,65,000 லிட்டர் பிடிக்கும்படி செய்திருக்கிறார்கள். முழுக்க நிரப்பினால் அது மட்டும் 130 டன்னை நெருங்கும். விமானம் மேலெழும்பும்போது இருக்கக்கூடிய உச்ச எடையே 280 டன்தான். எடையைக் குறைக்க இருக்கைகளிலும் கை வைத்தார்கள். மொத்தம் 161 இருக்கைகள், எகானமி வகுப்பே கிடையாது. உலக வரைபடத்தில் இந்த இரண்டு ஊர்களும் ஏறக்குறைய நேர் எதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டியே போகிறது. அன்றன்றைய காற்றைப் பார்த்து வேறு வழியாகவும் போவார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கடிகாரக் கணக்கு. திங்கட்கிழமை இரவு நியூயார்க்கில் ஏறினால் சிங்கப்பூரில் இறங்கும்போது புதன்கிழமை காலை. செவ்வாய்க்கிழமை முழுக்க வானத்தில் கரைந்துபோகிறது! திரும்பும் திசையில் கதை தலைகீழ். பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாலும், இறங்கும் ஊரின் கடிகாரம் ஏறிய நேரத்தைவிட ஆறு மணி நேரம் போலத்தான் முன்னே இருக்கும்.

சரி, இப்போது குட்டிக்கு வருவோம். 1967 முதல் லோகன்ஏர் நிறுவனம் இதை ஓட்டுகிறது. அட்டவணையில் 2 நிமிடம் என்று போட்டிருக்கும். காற்று ஒத்துழைத்தால் அதற்கும் முன்பே தரை தொட்டுவிடும். சாதனை நேரம் 53 விநாடி. எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுபாதையே ஏறக்குறைய இந்தப் பயண தூரத்துக்கு நீளமானது. விமானம் பிரிட்டன்-நார்மன் ஐலேண்டர், இரட்டை உந்துவிசிறி, எட்டு பயணிகள். பணிப்பெண் இல்லை, கழிவறை இல்லை, சாப்பாடு இல்லை. பாதுகாப்பு விளக்கமும் விமானி வாயால்தான். இடம் இருந்தால் அவர் பக்கத்து இருக்கையிலேயே ஒரு பயணி உட்காரலாம், அதற்குத்தான் போட்டி.

சாப்பாட்டில் ஒப்பிடவே வழியில்லை என்றாலும், நீண்ட விமானத்துக்குக் கூடுதல் மதிப்பெண் தர மாட்டேன். உயரத்தில் காற்று வறண்டு, அழுத்தமும் குறைந்துவிடுவதால் உப்பும் இனிப்பும் நாக்கில் மங்கிவிடுகின்றன. இரைச்சலும் இனிப்பை அடக்குகிறது. ஆனால் தக்காளியில் இருக்கும் உமாமி சுவை, அதாவது காளானிலும் இறைச்சியிலும் வரும் அந்த அடர்ந்த ருசி, மட்டும் தாக்குப்பிடிக்கிறது. கீழே தக்காளிச் சாற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள் மேலே போனதும் அதைக் கேட்டு வாங்கிக் குடிப்பதற்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது.

எனக்கு முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று. நீண்ட விமானத்தில் எல்லா ஏற்பாடும் நாம் பறக்கிறோம் என்பதை மறக்கவைக்கத்தான். திரை, போர்வை, மங்கலான விளக்கு, தூக்கம். ஓர்க்னியில் மறக்க நேரமே இல்லை. கிளம்புவது, கடல், இறங்குவது, அவ்வளவுதான். தாழப் பறப்பதால் அலையும் பாறையும் கண்ணுக்கு நேரே தெரியும். முதல் விநாடி முதல் கடைசி விநாடி வரை ஒருவர் ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பாத விமானப் பயணம் வேறெங்கே இருக்கிறது? இத்தனைக்கும் இது சுற்றுலாவுக்காகப் போட்ட விளையாட்டு விமானம் இல்லை. நூறு பேர்கூட இல்லாத ஒரு தீவுக்கு ஆசிரியரும் மருத்துவரும் வந்து போகும் வழி.

இறங்கும் இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சிங்கப்பூரும் நியூயார்க்கும் பார்க்கத் தீராத ஊர்கள், ஆனால் அங்கே போக ஆயிரம் வழி உண்டு. பாப்பா வெஸ்ட்ரேயில் நாப் ஆஃப் ஹாவர் என்ற கல்வீடு நிற்கிறது. கி.மு. 3700 வாக்கில் கட்டியது, கீசா பிரமிடுகளைவிட ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தது. தீவின் வடக்கு முனையில் ஆர்க்டிக் ஆலாக்கள் கூடு கட்டுகின்றன. ஆண்டுதோறும் வடகோடிக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையே போய்வரும் பறவை, உலகிலேயே மிக நீண்ட வலசை அதனுடையது. உலகின் மிகக் குறுகிய விமானம் போய் இறங்குவது அதன் வீட்டு வாசலில்! அதே தீவில்தான் ஓர்க்னியின் கடைசிப் பெரிய ஆக், பறக்கவே தெரியாத கடற்பறவை, 1813-இல் கொல்லப்பட்டது.

குட்டி விமானத்தில் போனவர்களுக்குச் சான்றிதழ் தரும் வழக்கம் உண்டு. நீண்ட விமானங்களின் பக்கத்திலும் இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1943 முதல் 1945 வரை, குவாண்டாஸ் நிறுவனம் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இலங்கையின் கொக்கலைக்கும் இடையே கேட்டலினா கடல்விமானங்களை ஓட்டியது. ஒரு தடவைக்கு 27 முதல் 33 மணி நேரம், மூன்று பயணிகள் வரைதான். எதிரிக்குத் தெரியாமலிருக்க வானொலியைக்கூட மூடிவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டார்கள். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்த்துவிடுவார்கள் என்பதால் இரட்டை உதய ரகசியக் குழுவின் உறுப்பினர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். நேரக் கணக்கில் இன்றைய சிங்கப்பூர் விமானமும் அதை எட்டவில்லை. அந்தக் கேட்டலினா இன்றும் பறந்தால் என் முடிவை மாற்றிக்கொள்வேன்.

பறக்காததால் ஓர்க்னிதான். டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா விமானங்களும் ஓர்க்னியின் கிர்க்வால் நகரிலிருந்து கிளம்புகின்றன. சில நேரே பாப்பா வெஸ்ட்ரேக்குப் போய்விடும், அதில் ஏறினால் அந்த 2 நிமிடம் கிடைக்காது. வெஸ்ட்ரேயில் நின்று போகும் விமானம் எந்த நாளில், எந்த நேரத்தில் என்று அட்டவணையில் பார்த்துவிட்டு அப்புறம் பதிவு செய்யுங்கள்.