ஃப்ரண்ட் லோடா, டாப் லோடா, செமியா? வாங்கிய பிறகு நடப்பதை வைத்து ஓர் ஒப்பீடு

வாஷிங் மெஷின் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, எது நன்றாகத் துவைக்கும் என்பதுதான். அதற்குப் பதில் சுலபம்: ஃப்ரண்ட் லோட், அதாவது முன்பக்கக் கதவு வழியாகத் துணி போடும் மெஷின். ஆனால் அந்த ஒரு பதிலை மட்டும் நம்பி வாங்கிவிட்டு, ஒரு வருடத்தில் துணியெல்லாம் முடை நாற்றம் அடிக்கிறது என்று புலம்புகிறவர்கள் நிறைய. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு. உங்கள் குழாயில் வருவது நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா, அது என்ன வேகத்தில் வருகிறது, மாதம் ஒருமுறையாவது மெஷினைத் திறந்து சுத்தம் செய்ய வீட்டில் யாருக்குப் பொறுமை இருக்கிறது. இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் எந்த மெஷின் என்பது ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும்.

ஃப்ரண்ட் லோடில் டிரம் படுக்கைவாட்டில் சுற்றுகிறது. துணியை மேலே தூக்கித் தூக்கிக் கீழே போடுகிறது, அந்த விழுதலில்தான் அழுக்கு போகிறது. துணி முழுக்க மூழ்க வேண்டியதில்லை என்பதால் தண்ணீரும் குறைவு, ஒரு முழுச் சுமைக்கு சுமார் 50 முதல் 70 லிட்டர். மேலே மூடியைத் திறந்து துணி போடும் டாப் லோடில் துணி தண்ணீரில் மிதக்க வேண்டும், அடியில் இருக்கும் தட்டு சுழன்று கலக்கும். அதனால் 100 லிட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். துணிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்வதும் இதில்தான் அதிகம், நீளமான துணி இருந்தால் முடிச்சு அவிழ்க்கவே நேரம் போகும். ஆனால் நேரம் என்று பார்த்தால் டாப் லோட் முக்கால் மணியிலிருந்து ஒரு மணிக்குள் முடித்துவிடும், ஃப்ரண்ட் லோடின் காட்டன் புரோகிராம் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஓடும். நடுவில் விட்டுப்போன ஒரு சட்டையைப் போடுவதும் டாப் லோடில் மூடியைத் திறக்கிற வேலைதான்.

பிழிவதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஃப்ரண்ட் லோட் நிமிடத்துக்கு 1000 முதல் 1400 சுற்று, டாப் லோட் பெரும்பாலும் 700 பக்கம், இதைக் கடையிலேயே சொல்வார்கள். ஆனால் துவைக்க ஒன்று, பிழிய ஒன்று என்று இரண்டு தொட்டிகள் உள்ள செமி ஆட்டோமேட்டிக்கின் சின்ன ஸ்பின் தொட்டி 1300, 1400 வரை சுற்றும், டாப் லோடை விட நன்றாகவே பிழியும். ஒரு தடவைக்குக் கொஞ்சம் துணிதான் பிடிக்கும், அவ்வளவுதான்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, செலவு மோட்டாரில் இல்லை, ஹீட்டரில் இருக்கிறது. 20 லிட்டர் தண்ணீரை 40 டிகிரி கூடுதலாகச் சூடாக்க ஏறக்குறைய ஒரு யூனிட் வேண்டும், அது இயற்பியல் கணக்கு, எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் மாறாது. ஆகவே ஃப்ரண்ட் லோட் மின்சாரம் தின்னும் என்று சொல்வது பாதிதான் உண்மை. சூடு இல்லாமலோ 30 டிகிரியிலோ ஓட்டினால் செலவு மிகக் குறைவு. அன்றாட அழுக்குக்கு அது போதும். லிக்விடிலும் பவுடரிலும் இருக்கும் என்சைம்களுக்கு 30, 40 டிகிரி நன்றாக ஒத்துப்போகும். படுக்கை விரிப்பு, துண்டு, நோயாளியின் துணி என்றால் மட்டும் 60 டிகிரி வையுங்கள், தூசிப் பூச்சிகள் அந்தச் சூட்டில்தான் சாகும். ஹீட்டர் இல்லாத டாப் லோடிலும் செமியிலும் இந்த வசதி கிடையாது. ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இது சின்ன விஷயமே இல்லை, அவர்களுக்கு ஹீட்டர் உள்ள மெஷினைத்தான் சொல்வேன்.

சரி, உப்புத் தண்ணீருக்கு வருவோம், ஏனென்றால் பாதி மெஷின்களின் ஆயுளை முடிவு செய்வது இதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் படியும், துணி விறைக்கும், வெள்ளை பழுப்படிக்கும். சூடாக்கினால் இன்னும் மோசம், கரைந்திருந்த கால்சியம் கார்பனேட்டாக மாறி ஹீட்டர் மேல் ஓடு கட்டிவிடும். ஓடு தடித்துப்போன ஹீட்டர் தண்ணீரைச் சூடாக்க அதிக நேரம் எடுக்கும், கடைசியில் எரிந்தும் போகும். இதில் ஃப்ரண்ட் லோடுக்கு அடி அதிகம் என்பது சரிதான், ஆனால் ஹீட்டர் இல்லை என்பதற்காக டாப் லோட் தப்பித்துவிடுவதில்லை. அதன் வெளித்தொட்டிக்கும் டிரம்முக்கும் நடுவில் அதே படிவு கண்ணுக்குத் தெரியாமல் சேரும், தண்ணீர் நுழையும் வால்வின் சல்லடை அடைத்துக்கொள்ளும். செமியில் எலக்ட்ரானிக்ஸ் குறைவு, தொட்டியும் கைக்கு எட்டும், அதனால் அதுதான் உப்புத் தண்ணீரை அதிகம் தாங்கும்.

கடினமான தண்ணீர் உள்ள வீட்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுமார் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் தூளைக் காலி டிரம்மில் போட்டு 60 டிகிரியில் ஓடவிட்டால் படிவு கரையும். அதற்கு மேல் அடிக்கடி வேண்டாம், அமிலம் ரப்பரையும் அலுமினிய பாகங்களையும் அரிக்கும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: குளோரின் ப்ளீச்சையும் சிட்ரிக் ஆசிட் அல்லது வினிகரையும் ஒரே ஓட்டத்தில் சேர்க்கவே கூடாது, அதிலிருந்து குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது ஆபத்து. ஒன்றைப் பயன்படுத்தினால், அடுத்ததற்கு முன் வெறும் தண்ணீரில் முழுதாக ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

அடுத்தது நாற்றம். ஃப்ரண்ட் லோட் வாசலில் இருக்கும் ரப்பர் வளையம் தண்ணீர் வெளியே வராமல் இருக்கக் கதவோடு இறுக்கமாக ஒட்டுகிறது, அதே காரணத்தால் உள்ளே ஈரமும் போக வழியில்லாமல் நிற்கிறது. வளையத்தின் கீழ்மடிப்பில் தண்ணீர், முடி, நூல், சோப்புச் சளி எல்லாம் தங்கி, கொஞ்ச நாளில் கருப்புப் பூஞ்சை வரும். வந்த பிறகு போக்குவது கஷ்டம், ரப்பருக்குள்ளேயே இறங்கிவிடும். வராமல் பார்ப்பது சுலபம்: துவைத்து முடித்ததும் மடிப்பை விரித்து ஒரு பழந்துணியால் துடைத்து, கதவையும் சோப்புத் தட்டையும் திறந்தே போட்டுவிட வேண்டும். வீட்டில் குழந்தையோ பூனையோ இருந்தால் கதவை விரற்கடை அளவு மட்டும் திறந்து வைத்துக் கண்காணியுங்கள், உள்ளே ஏறிவிடும். மெஷினின் முன்பக்கம் கீழே சின்ன மூடிக்குள் பம்ப் பில்டர் இருக்கிறது, அதை மாதம் ஒருமுறை கழற்றினால் நாணயம், ஊக்கு, பட்டன் எல்லாம் வரும். பக்கத்தில் ஒரு சிறு குழாய் இருந்தால் முதலில் அதில் தண்ணீரை வடித்துவிட்டுத் திறங்கள், இல்லையென்றால் தரையெல்லாம் தண்ணீர்தான். துவைத்து முடித்த அன்றே இதையெல்லாம் செய்ய ஆளில்லாத வீட்டுக்கு ஃப்ரண்ட் லோட் வேண்டாம் என்பதே என் கருத்து, அது எவ்வளவு நன்றாகத் துவைத்தாலும் சரி.

டாப் லோடில் இந்த வேலை குறைவு, இல்லாமல் இல்லை. மூடியைத் திறந்து வைத்தால் காற்றோட்டத்திலேயே காய்ந்துவிடும். டிரம் ஓரத்தில் இருக்கும் நூல் பையை இரண்டு மூன்று துவைப்புக்கு ஒருமுறை காலி செய்யாவிட்டால் துணி மேலெல்லாம் பிசிறு ஒட்டும். டிரம்முக்கு வெளியே சேரும் சளி தெரியாது, என்றாவது துணியில் கருப்புத் துகள் ஒட்டி வரும்போதுதான் தெரியும். மாதம் ஒருமுறை காலித் தொட்டியைக் கழுவும் டப் க்ளீன் புரோகிராமை ஓட்டினால் அந்த நிலைக்குப் போகாது. பல டாப் லோடுகளில் அடிப்பாகம் திறந்தே இருக்கும், எலி புகுந்து வயரைக் கடிக்கும், அதனால் வாங்கும்போதே அடியில் வலைத் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

சோப்பு விஷயத்தில் மூன்றுக்கும் பொதுவான தப்பு ஒன்றுதான், அதிகமாகப் போடுவது. நுரை வந்தால்தான் அழுக்கு போகும் என்ற நம்பிக்கை கையால் துவைத்த காலத்தோடு வந்தது. ஃப்ரண்ட் லோடில் நுரை மெத்தை மாதிரி இடையில் நின்று, துணி விழும் வேகத்தையே குறைத்துவிடும், அலசலும் சரியாக நடக்காது, மிச்சம் தங்கிய சோப்புதான் பின்னால் பூஞ்சைக்குச் சாப்பாடு. ஃப்ரண்ட் லோடுக்கென்று விற்கும் குறைந்த நுரைச் சோப்பைத்தான் வாங்க வேண்டும். துண்டுகளுக்குத் துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், இழை மேல் படலம் போல் ஒட்டி ஈரம் உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும்.

செமியைப் பழைய காலத்து மெஷின் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும் வீட்டிலும், சேமித்து வைத்த தண்ணீரை வாளியில் ஊற்றித் துவைக்கும் வீட்டிலும் அதுதான் வேலை செய்யும், ஆட்டோமேட்டிக் மெஷின் தண்ணீர் வரவில்லை என்று பிழைக் குறி காட்டி நின்றுவிடும். மேல்தொட்டி மெஷினுக்குச் சில அடி உயரத்தில்தான் இருக்கிறது என்றாலும் இதே சிக்கல், ஏனென்றால் 10 மீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தமே ஒரு பார் (அழுத்தத்தின் அளவு)தான், சில அடி உயரம் என்றால் அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். முதல் சுற்றின் சோப்புத் தண்ணீரில் அடுத்த சுற்று அழுக்குத் துணியைப் போடலாம் என்பது வேறு எதிலும் கிடைக்காத மிச்சம். குறை என்னவென்றால் பக்கத்திலேயே ஆள் நிற்க வேண்டும், ஈரத் துணியைத் தூக்கி மாற்ற வேண்டும், முதுகு வலி உள்ளவர்களுக்கு அது தினசரித் தண்டனை. முதுகு என்றதும், ஃப்ரண்ட் லோடுக்குக் குனிய வேண்டியிருப்பதை வயதானவர்கள் கடையிலேயே குனிந்து பார்த்து முடிவு செய்வது நல்லது.

ஃப்ரண்ட் லோட் வந்து இறங்கியதும் பின்பக்கத்தில் இருக்கும் டிரான்சிட் போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்று நீங்களே பாருங்கள். பயணத்தில் டிரம் ஆடாமல் பிடிக்க வைத்தவை அவை. கழற்றாமல் ஸ்பின் போட்டால் மெஷின் அறையைச் சுற்றி நடக்கும், உள்ளேயும் பாகங்கள் சேதமாகும். கழற்றியதைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், வீடு மாறும்போது வேண்டும். மூன்று வகையிலும் தரை சமமாக இருக்க வேண்டும், நாலு காலும் ஊன்றாமல் ஆடினால் முதலில் தேய்வது ஷாக் அப்சார்பரும் பேரிங்கும்.

கடைசியாக அளவு. 7 கிலோ என்று எழுதியிருப்பது உலர்ந்த காட்டன் துணிக்கு, காட்டன் புரோகிராமில். சிந்தெடிக் புரோகிராமில் அதில் பாதிதான் போடலாம், கம்பளி என்றால் அதைவிடக் குறைவு. ஃப்ரண்ட் லோடில் துணியைப் போட்ட பின் மேலே ஒரு கை நுழைய இடம் இருந்தால் அளவு சரி. தண்ணீர் புகாத மழைக்கோட்டையும் மெத்தை உறையையும் எந்த மெஷினிலும் ஸ்பின் போடாதீர்கள், டாப் லோடிலும் செமியிலும் கண்டிப்பாகக் கூடாது. உள்ளே பை போலத் தண்ணீர் தேங்கி, முழு வேகத்தில் சுற்றும்போது திடீரென வெளியேறினால் எடை ஒருபக்கமாகச் சாய்ந்து மெஷின் தூக்கி அடிக்கும், தொட்டி உடையவும் செய்யும். அவற்றைக் கையால் அலசித் தண்ணீர் வடியும்படி கொடியில் போட்டுவிடுங்கள்.