சிரிப்பு யோகா: சில ஆண்டுகள் பழகிய பின்

சிரிப்பு யோகாவைச் சில ஆண்டுகளாகப் பழகிவருகிறேன். சேர்ந்த புதிதில் எழுதப்படும் பாராட்டுரைகள் நிறையவே கிடைப்பதால், தொடக்க உற்சாகம் வடிந்த பிறகும் எனக்கு எது நிலைத்தது, எது கழன்றுபோனது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

1995ஆம் ஆண்டு மும்பையில் மருத்துவர் மதன் கட்டாரியா தொடங்கிய முறை இது. முதலில் நகைச்சுவைத் துணுக்குகளைச் சொல்லித்தான் சிரித்தார்கள். விரைவிலேயே நல்ல துணுக்குகள் தீர்ந்துபோகவே, காரணமே இல்லாமல் சிரிக்கும் பயிற்சியாக அதை மாற்றினார்கள். கைதட்டல், 'ஹோ ஹோ, ஹா ஹா ஹா' என்னும் தாள ஒலி, இடையிடையே ஆழ்ந்த மூச்சு என்று வகுப்பு நகரும். வலிய வரவழைத்த சிரிப்பு, எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்ததும் தானாக வரும் சிரிப்பாக மாறிவிடும் என்பதே இதன் அடிப்படை. முதல் சில வாரங்கள் கூச்சத்திலேயே கழிந்தன. இப்போது பெரும்பாலான நாட்களில் அந்த மாற்றம் நிகழ்கிறது; சில நாட்களில் கடைசி வரை நிகழ்வதில்லை. போலிச் சிரிப்புக்கும் மெய்ச் சிரிப்புக்கும் உடலுக்கு வேறுபாடு தெரியாது என்று பயிற்றுநர்கள் கூறுவதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. மெய்யான மகிழ்ச்சியில் உதட்டோரத் தசையுடன் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்குகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் டுஷென் 1862லேயே எழுதிவிட்டார். வகுப்பில் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்தாலே, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதா இல்லையா என்பது தெரிந்துவிடுகிறது.

வகுப்புக்குச் செல்ல இயலாத நாட்களில் கைப்பேசிச் செயலியை வைத்துக்கொண்டு தனியாகவும் முயன்றேன். அது மூச்சுப் பயிற்சியாகப் பயன்பட்டது, சிரிப்பாக ஆகவில்லை. அதில் வியப்பில்லை. மனிதர் தனிமையில் சிரிப்பதைவிடப் பிறருடன் இருக்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்றும், அன்றாடச் சிரிப்பில் பெரும்பகுதி நகைச்சுவையே இல்லாத சாதாரணப் பேச்சைத் தொடர்ந்துதான் வருகிறது என்றும் சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரோவைன் கண்டறிந்திருக்கிறார். இதை அறிந்த பின், வேடிக்கைக் காணொளிகளைத் தேடிச் சேர்க்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, நண்பர்களுக்குச் செய்தி அனுப்பும் இடங்களில் முடிந்தவரை குரலில் பேசத் தொடங்கினேன்; இரவு உணவின்போது வீட்டில் எல்லோரும் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுகிறோம். என் நாட்களில் சிரிப்பைக் கூட்டியதில், வகுப்பைவிட இந்த இரண்டு மாற்றங்களுக்கே பங்கு அதிகம்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்ததால் ஏற்படும் கழுத்து இறுக்கம் நன்றாகச் சிரித்த பின் சற்று நேரமாவது தளர்கிறது. பிறருடன் சேர்ந்து சிரித்தவர்களின் வலி தாங்கும் திறன் உயர்வதை பிரிட்டன் உளவியலாளர் ராபின் டன்பார் குழுவினரின் ஆய்வு காட்டியது. உடல் தானே சுரக்கும், வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின் என்னும் வேதிப்பொருள்களே அதற்குக் காரணம் என்பது அவர்களின் விளக்கம். ஆனால் என் இரத்த அழுத்த மாத்திரையின் அளவு குறையவில்லை, எடையும் குறையவில்லை. பத்துப் பதினைந்து நிமிடச் சிரிப்புக்கு 10 முதல் 40 கலோரி வரைதான் செலவாகும் என்று மதிப்பிடப்பட்டுள்ள நிலையில், எடை குறைப்பு என்று விளம்பரம் செய்வதே தவறு. குடலிறக்கம் உள்ளவர்களும், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், சிரித்தால் ஆஸ்துமா தூண்டப்படுபவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே சேர வேண்டும். இந்த எச்சரிக்கையை வகுப்பில் யாரும் முதல் நாளே சொல்வதில்லை என்பது என் குறை.

தனியாக வசிப்பவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் குழுவில் சேருமாறு தயங்காமல் பரிந்துரைப்பேன். கூடிப் பேசிச் சிரிக்க ஏற்கெனவே நான்கு பேர் இருப்பவர்கள், கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை இலவசமாகப் பார்க்க அனுமதி கேளுங்கள்.