அயர்லாந்து கிராமத்து அரசு ஃபைபர்: சாலை வரை குறையில்லை, சிக்கல் கேட்டுக்கு உள்ளே

அயர்லாந்தின் மேற்குப் பக்கம் குடும்பத்தோடு போகவிருக்கும் நண்பர் கேட்டார்: "டவுனுக்கு வெளியே வாடகை குறைவா ஒரு வீடு இருக்கு. எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அரசாங்க ஃபைபர் வந்திருச்சுங்கிறாங்க. நம்பிப் போகலாமா?" ஒரு வரியில் சொல்லிவிட முடியாத பதில். அதனால் எல்லாருக்குமாகவே எழுதுகிறேன்.

அயர்லாந்தின் தேசிய பிராட்பேண்ட் திட்டம் என்ன என்று இந்தப் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்: தனியார் போகாத கிராமப்புறத்துக்குப் பொதுப்பணத்தில் ஃபைபர் இணையம். 2019 நவம்பரில் ஒப்பந்தம், 25 வருடக் காலம், அரசின் பங்குக்கு உச்சவரம்பு சுமார் 300 கோடி யூரோ. கட்டி நடத்துவது நேஷனல் பிராட்பேண்ட் அயர்லாந்து, சுருக்கமாக என்பிஐ. 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள், பண்ணைகள், கடைகள், பள்ளிகள். நிலப்பரப்பில் 96 சதவீதம். உங்களிடம் மாதக் கட்டணம் வாங்குவது என்பிஐ அல்ல, அதன் கம்பியை மொத்த விலைக்கு எடுத்து விற்கும் சில்லறை நிறுவனங்கள். இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எரிச்சலுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் நல்லது உண்மையிலேயே பெரியது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஐந்து கிலோமீட்டர் செம்புக் கம்பியில் 2, 3 எம்பிபிஎஸ் வருவதே பாக்கியம் என்றிருந்த வீடுகள் இவை. மொபைல் சிம் போட்ட ரூட்டர் பகலில் ஓடும், மாலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் எல்லாரும் வீடு திரும்பியதும் படுத்துவிடும். அந்த வீட்டில் இன்று குறைந்தபட்சத் திட்டமே 500 எம்பிபிஎஸ். மனிதரை அசத்துவது வேகம்கூட அல்ல, நிலைப்புத்தன்மை. மழை, பனி, ஞாயிற்றுக்கிழமை இரவு எதிலும் எண் ஆடுவதில்லை. வீடியோ அழைப்பில் குரல் அறுவதில்லை. மொத்த விலை நாடு முழுக்க ஒன்றே என்பதால், கானமாரா கடற்கரையில் ஒற்றையாக நிற்கும் வீட்டுக்கும் நகர விலையை ஒட்டிய கட்டணம்தான். நிறுவனம் மாற்றினாலும் கம்பி மாறாது, சுவரில் இருக்கும் ஓஎன்டி பெட்டி, அதாவது ஃபைபரில் வரும் ஒளியை ரூட்டருக்கான சிக்னலாக மாற்றும் பெட்டி, அதுவும் மாறாது. முதல் வருடச் சலுகை முடிந்ததும் கட்டணம் ஏறும், அன்றைக்கே வேறு நிறுவனத்துக்குப் போகலாம்.

தனியார் தாமாகச் செய்ய முன்வராத வேலை இது. ஐரிஷ் கிராமம் என்றால் தெருவும் கூட்டமுமாக இருக்காது. குறுகிய சந்துச் சாலைகளில் நூறு, இருநூறு மீட்டருக்கு ஒரு வீடு. ஒரு வீட்டை எட்ட நான்கு கம்பம் நட வேண்டும். இந்த ஒப்பந்தத்துக்கான போட்டியில் இருந்த டெலிகாம் நிறுவனங்களில் சைரோ 2017-லும் எயர் 2018 ஜனவரியிலும் விலகிக்கொண்டன. 2019-ல் பொதுச் செலவுத் துறையின் அதிகாரிகளே இந்தச் செலவு வேண்டாம் என்று எழுத்தில் எதிர்த்தார்கள். 2022 ஜனவரிக்குள் 1 லட்சத்து 15 ஆயிரம் இடங்கள் என்ற முதல் இலக்கும் தவறியது, கொரோனாவும் ஒரு காரணம். அதற்குப் பிறகு வேலை ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் குறை சொல்லத் தயங்குவார்கள். 25 வருடம் கழித்தும் கம்பி என்பிஐயின் சொத்தாகவே இருக்கும், அரசின் சொத்தாகாது என்ற ஷரத்து எனக்கு ஒப்பவில்லை. அது தனி விவாதம்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன்.

பொதுப்பணம் சாலையோரம் வரைக்கும் வருகிறது. அங்கிருந்து வீட்டுச் சுவர் வரைக்கும் கம்பி இழுப்பதும் இலவசம்தான், ஓர் இணைப்புக்கு 5,000 யூரோ வரை திட்டமே ஏற்கும். அதைத் தாண்டினால்தான் வீட்டுக்காரர் மிச்சத்தைக் கட்ட வேண்டும், அப்படிப்பட்ட வீடுகள் மிகக் குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் கேட்டிலிருந்து சுவர் வரை மண்ணுக்குள் இருக்கும் குழாய் அடைத்திருந்தால், அதைச் சரிசெய்வது உங்கள் பொறுப்பு. இந்த ஒரு வரியில் சிக்கி வாரக்கணக்கில் காத்திருக்கும் வீடுகள் ஏராளம்.

நடப்பது இப்படி. சில்லறை நிறுவனத்தில் எயர்கோடு, அதாவது வீட்டுக்கு வீடு தனியாக உள்ள அஞ்சல் குறியீடு, கொடுத்து ஆர்டர் போடுகிறீர்கள். முதலில் ஒருவர் வந்து வெளியே பார்த்து, கம்பத்திலிருந்து மேல்வழியா, குழாய்வழியா என்று குறித்துக்கொண்டு போவார். இணைப்பு நாளில் துணை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இருவர் வருவார்கள். குழாய்க்குள் ஃபைபர்கிளாஸ் கழியை விடுவார்கள். பன்னிரண்டு மீட்டரில் நின்றுவிடும். இன்னொரு முனையிலிருந்து விட்டுப் பார்ப்பார்கள், அங்கேயும் நிற்கும். "அடைப்பு, வாடிக்கையாளர் சரிசெய்ய வேண்டும்" என்று பதிந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, முடித்த இணைப்புக்குத்தான் அவர்களுக்குக் கூலி. நீங்கள் போன் செய்வது சில்லறை நிறுவனத்துக்கு. அவர்களுக்கு உங்கள் வீட்டுக் குழாயைப் பற்றி எதுவும் தெரியாது, என்பிஐயிடம் கேட்டுச் சொல்வார்கள். என்பிஐ ஒப்பந்தக்காரரைக் கேட்கும். எந்த இடத்தில் அடைப்பு என்பது அந்த இருவர் தலையில் மட்டும் இருக்கிறது, அவர்களோ வேறு கவுண்டிக்குப் போயிருப்பார்கள்.

அதனால் ஆர்டர் போடும் முன்பே குழாயை நீங்களே சோதித்துவிடுங்கள். மின்வேலைக்காரர்கள் வைத்திருக்கும் 4.5 அல்லது 6 மில்லிமீட்டர் ஃபைபர்கிளாஸ் கழி போதும், கருவி வாடகைக் கடைகளிலும் கிடைக்கும். வீட்டுச் சுவர்ப் பக்கத்திலிருந்து விடுங்கள். கழி நின்றதும், குழாய் வாயருகே கழியில் டேப் ஒட்டி, வெளியே உருவி, டேப் குழாய் வாயருகே இருக்குமாறு குழாய் போகும் பாதையின் மேல் தரையில் நீட்டி வையுங்கள். கழியின் முனை காட்டும் இடத்தில்தான் தோண்ட வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு, அந்த இடத்தில் ஒரு 90 டிகிரி முழங்கை வளைவு இருக்கும். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற கூர்வளைவை டெலிபோனுக்கும் போட்டிருப்பார்கள். செம்புக் கம்பி அதில் எப்படியோ போய்விட்டது, ஃபைபர் போகாது. இல்லையென்றால் லாரி ஏறி நசுங்கிய இடம், மரவேர் நுழைந்த மூட்டு, இருபது வருடச் சேறு. சேறு மட்டும் என்றால் தோட்டக் குழாயை உள்ளே விட்டுத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடலாம்.

குழாய் திறந்திருக்கிறது, உள்ளே கம்பியை இழுப்பதற்கான கயிறு மட்டும் இல்லை என்றால் வேலை எளிது. மெல்லிய நைலான் நூலின் நுனியில் பிளாஸ்டிக் பையைச் சிறு பந்தாகக் கட்டி ஒரு முனையில் வையுங்கள், மறு முனையில் வேக்யூம் கிளீனரைப் பொருத்தி உறிஞ்சவிடுங்கள். முப்பது மீட்டர் நூலை நொடிகளில் இழுத்துக்கொள்ளும். அந்த நூலில் 6 மில்லிமீட்டர் பாலிப்ரொப்பிலீன் கயிற்றைக் கட்டி இழுத்து, இரண்டு பக்கமும் இரண்டு மீட்டர் மிச்சம் விட்டு முடிச்சுப் போட்டு வைத்தால், வருகிற ஆட்கள் அரை மணியில் கம்பியை இழுத்துவிடுவார்கள். ஒரு எச்சரிக்கை: உள்ளே கிடக்கும் பழைய செம்புக் கம்பியையே கயிறாக்கி இழுக்க நினைக்காதீர்கள். அது டெலிபோன் நிறுவனத்தின் சொத்து, வீட்டு அலாரமும் முதியவர்களின் அவசர அழைப்புப் பொத்தானும் அதில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

பழைய வீடுகள் பலவற்றில் குழாயே கிடையாது, கம்பியை அப்படியே மண்ணில் புதைத்திருப்பார்கள். அங்கே இரண்டே வழி. ஒன்று, கம்பத்திலிருந்து மேல்வழியாக இழுக்கச் சொல்வது. அதற்குப் பாதையில் நிற்கும் மரக்கிளைகளை வெட்ட வேண்டும், அதுவும் உங்கள் வேலை. கம்பி அண்டை வீட்டுக்காரர் நிலத்தைத் தாண்டினால் அவர் சம்மதமும் வேண்டும். இன்னொன்று, புதுக் குழாய். 50 மில்லிமீட்டர், உட்பக்கம் வழவழப்பான யுபிவிசி குழாய் வாங்குங்கள், வரிவரியான நெளிகுழாய் வேண்டாம். திரும்பும் இடங்களில் நீள்வளைவு மட்டும். தோட்டத்தில் 450 மில்லிமீட்டர், வண்டி ஏறும் இடத்தில் 600 ஆழம் வைத்தால் கவலையில்லை. மின்கம்பியிலிருந்து ஓர் அடியாவது தள்ளியிருக்கட்டும். மூடும் முன் மேலே எச்சரிக்கை நாடா, உள்ளே கயிறு. முக்கியமாக, மூடும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். உச்சவரம்பை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், இடம் ஒன்றுக்கு 5,000 யூரோவுக்கு மேல் வருகிறது. மலை ஏறி, சதுப்பு நிலம் தாண்டி, 15 லட்சம் கம்பங்களும் 1 லட்சத்து 42 ஆயிரம் கிலோமீட்டர் ஃபைபர் கம்பியும் கணக்குப் போட்ட திட்டம் இது. கடைசி முப்பது மீட்டரில் ஒரு முழங்கை வளைவை எடுக்க ஒருவர் மண்வெட்டியோடு அரை நாள் நின்றால் போதும். அந்தச் செலவுக்குத் திட்டத்தில் இடமில்லை. தனியாக இருக்கும் எண்பது வயதுக்காரர் எப்படித் தோண்டுவார்? 2024-ல் ஐரோப்பிய ஜிகாபிட் உள்கட்டமைப்புச் சட்டம் வந்தது. கட்டடத்துக்குள் ஃபைபருக்கு வழி வைப்பது பற்றி அது பேசுவது புதுக் கட்டடத்துக்கும் பெரிய புதுப்பிப்புக்கும்தான். இந்தத் திட்டம் யாருக்காக வந்ததோ, அந்தப் பழைய பண்ணை வீடுகள் அதில் வராது. இங்கிலாந்தின் லங்காஷயரில் பி4ஆர்என் என்ற ஊர்மக்கள் நிறுவனம் 2011 முதல் ஃபைபர் போடுகிறது. அங்கே தோட்டத்துக்குள் தோண்டுவது உன் வேலை என்று முதல் நாளே சொல்லி, குழாயைக் கையில் கொடுத்து, செய்முறையும் காட்டிவிடுவார்கள். இங்கே அந்தச் செய்தி இணைப்பு நாளன்றுதான் பலருக்குத் தெரிகிறது.

இன்னொரு விஷயம், வீடு பார்க்கும்போது இந்தத் திட்டத்தின் இணைய வரைபடத்தில் எயர்கோடைப் போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம் அரசுத் திட்டப் பகுதி, நீலம் தனியார் பகுதி. ஐரோப்பிய அரசு உதவி விதிப்படி, தனியார் போடும் இடத்திலும் சில வருடத்துக்குள் போடுவதாக உறுதி தந்த இடத்திலும் பொதுப்பணத்தைச் செலவழிக்கக் கூடாது. 2017 ஏப்ரலில் எயர் 3 லட்சம் வீடுகளுக்கு அப்படி ஒப்புக்கொண்டதால் அவை திட்டத்திலிருந்து கழிந்தன. சாலையின் இந்தப் பக்கம் ஒரு நிறம், அந்தப் பக்கம் ஒரு நிறம் என்று இருப்பது இதனால்தான். வாடகை வீடு என்றால் சுவரில் துளை போட உரிமையாளரின் அனுமதியும் வேண்டும்.

இணைப்பு கிடைத்த அன்று ஆட்களிடம் ஓஎன்டிக்கு வரும் ஒளி அளவைக் கேட்டு எழுதி வையுங்கள். மைனஸ் 28 டிபிஎம் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) பக்கம் இருந்தால் விளிம்பில் நிற்கிறது, மைனஸ் 20 சுற்றி இருந்தால் நிம்மதி. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தால், சோபாவுக்குப் பின்னால் கம்பி மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பச்சை நிறக் கனெக்டரைக் கழற்றித் துடைக்க வேண்டாம், விரல் பட்டாலே கெட்டுவிடும்.

மின்வெட்டையும் கணக்கில் வையுங்கள். பழைய செம்பு டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வந்தது, ஃபைபருக்கு அப்படி இல்லை. 2025 ஜனவரி 24 அன்று எயோவின் புயலில் 7 லட்சத்து 68 ஆயிரம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. ஓஎன்டியும் ரூட்டரும் சேர்ந்து 16 வாட் எடுத்தால், 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி நான்கு மணி நேரம் தாங்கும். குழாய்வழி இணைப்பு என்றால் புயலுக்குத் தப்பும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வாசலுக்கு வெளியே பெரும்பாலும் கம்பத்தில்தான் போகிறது, மரம் விழுந்தால் எல்லாருக்கும் சேர்த்தே போகும்.

ஆக, நண்பருக்குப் பதில். ஐரோப்பாவில் பொதுப்பணத்தில் கிராமத்துக்கு வந்தவற்றில் இவ்வளவு நல்ல சேவையைக் காட்டுவது கடினம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தும், அந்த வீட்டுச் சுவரில் ஓஎன்டி பெட்டி ஏற்கெனவே பச்சை விளக்கோடு எரிந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். "வீட்டு வாசல் வரை ஃபைபர் வந்துவிட்டது, போன் பண்ணினால் போட்டுக் கொடுப்பார்கள்" என்று தரகர் சொன்னால், உரிமையாளரை ஒரு கழியோடு வரச்சொல்லி, அது இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வெளியே வருவதைக் கண்ணால் பாருங்கள். வரவில்லையா, வேறு வீடு பாருங்கள்.