மீந்திருந்த 61 மாத்திரைகள்

இந்த முறை ஊருக்குப் போனது அம்மாவுக்காக மட்டும்தான். புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது, வலிக்கு மார்பின் (morphine) என்ற மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அண்ணன் போனில் சொல்லியிருந்தார். போய் இறங்கிய இரவு அம்மா தலையணையை இறுகப் பிடித்துக்கொண்டு முனகியதைக் கேட்டேன். மருந்து பத்தவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

காலையில் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தேன். 10 மில்லிகிராம் மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, தூங்கப் போகும்போது மட்டும் இரண்டு. ஒரு நாளைக்கு 6. பதினான்கு நாளுக்கு 84 கொடுத்திருக்கிறார்கள். பத்து நாள் முடிந்திருந்தது. மீதி 24 இருக்க வேண்டும். இருந்தது 61.

அம்மாவிடம் கோபப்படாமல் கேட்டேன். "இப்பவே எல்லாத்தையும் போட்டுட்டா, நாளைக்கு வலி அதிகமானா எதைப் போடறது?" என்றார். அண்ணனோ, "பழக்கமாயிடும்னு பயந்துதான் நானும் கேட்டாத்தான் குடுத்தேன். அது கடைசியில குடுக்கிற மருந்து இல்லையா?" என்றார். இருவரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருத்துவமனையில் மருந்து வாங்கும் இடத்தில் அட்டைகளைக் கையில் கொடுத்து அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏன் நேரம் தவறாமல் போட வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அந்த இரண்டு நிமிடம் மிச்சம் பிடித்ததில் அம்மா பத்து இரவு தூங்கவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்து பார்க்கும் வலி நிவாரணக் குழுவின் சிஸ்டர் அப்படி இல்லை. வந்ததும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் கேட்டது வலியைப் பற்றி அல்ல. "வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சும்மா?" அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "ஆறு நாள்" என்றார். அப்போதுதான் மூன்றாவது காரணம் தெரிந்தது. மாத்திரை போட்டால் மலம் இறுகுகிறது, அதனால் அம்மா தானாகவே குறைத்திருக்கிறார். பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சம்.

சிஸ்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு விளக்கினார். மார்பின் தொடங்கும்போது வரும் குமட்டலும் தூக்கமும் பெரும்பாலும் சில நாளில் குறைந்துவிடும். மலச்சிக்கல் அப்படிப் போகாது. அதனால் மலமிளக்கி மார்பினோடு சேர்ந்தே தொடங்க வேண்டிய மருந்து. வலிக்காகச் சரியான அளவில் போடும்போது அடிமையாவது அரிது. உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு விஷயம், அதனால்தான் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலி ஏறி உட்கார்ந்த பிறகு இறக்குவது கஷ்டம், ஏறவிடாமல் பிடிப்பது சுலபம். உலக சுகாதார நிறுவனம் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள் என்று 1986-லேயே சொன்னது இதனால்தான்.

சரி, இன்றே ஆறு மாத்திரையும் கொடுத்துவிடலாமா என்று அவசரப்பட்டேன். சிஸ்டர் தடுத்தார். அம்மா உண்மையில் போட்டுக்கொண்டிருந்தது ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டுதான், ஒரேயடியாக ஏற்றக் கூடாது என்று டாக்டருக்குப் போன் செய்து கேட்டு, படிப்படியாக ஏற்றச் சொன்னார். அப்புறம் அவர் சொன்ன ஒன்று என்னை உலுக்கிவிட்டது. மாத்திரையை ஒதுக்கி வைத்துக்கொண்டு டாக்டரிடம் "வலி அப்படியே இருக்கு" என்று மட்டும் சொன்னால், எழுதிய அளவு பத்தவில்லை என்று நினைத்து அவர் கூட்டி எழுதிவிடுவார். பிறகு யாராவது ஒழுங்காகக் கொடுக்க ஆரம்பித்தால் அதுவே ஆபத்து. மிஞ்சிய மாத்திரைகளை மறைக்காமல் எண்ணிக்கையோடு சொல்லிவிடுங்கள் என்றார். வீட்டில் வேறு யாரும் எடுக்காதபடி பூட்டி வைக்கவும் சொன்னார்.

நான்காம் நாள் இரவு அம்மா விடியும் வரை தூங்கினார். நான்தான் இரண்டு முறை எழுந்து மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்தேன்.

கிளம்புவதற்கு முன் மருத்துவமனைக்கு நானும் போனேன். மீதி எண்ணிக்கையைச் சொன்னோம். டாக்டர் கேட்டுக்கொண்டு மலமிளக்கியையும் சேர்த்து எழுதினார். நேரங்களைத் தனித்தாளில் எழுதித் தர முடியுமா என்றதற்கு, கூட்டமாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அண்ணன் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, கட்டிலில் படுத்தபடி அம்மா படிக்கும் உயரத்தில் ஒட்டினார்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10-க்கு இரண்டு.