பெர்லினா, நிம்சோவா: சென்னை 2013

2013 நவம்பரில் சென்னையில் நடந்த உலக சதுரங்கப் பட்டப் போட்டியில் ஆனந்த் வெள்ளைக் காய்களோடு e4, d4 என்ற இரண்டு தொடக்கங்களிலும் கார்ல்சனிடம் தோற்றார், ஆனால் தோற்ற விதம் வேறு.

6வது ஆட்டம் e4 (ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவது), பதிலுக்குக் கார்ல்சன் ஆடியது பெர்லின் என்ற கெட்டியான தற்காப்பு. ஆனந்த் 4.d3 (நான்காவது நகர்வில் சிப்பாயை d3-க்கு) ஆடி, ராணிகள் உடனே வெட்டுப்பட்டுப் போகும் வரிசையைத் தவிர்த்தார். சரி, ஆனாலும் கடைசியில் ராஜாக்களும் யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் யானை முடிவாட்டம்தான் வந்தது, அது கார்ல்சன் சலிக்காமல் பிழிகிற இடம். 67 நகர்வு.

9வது ஆட்டத்தில், 3-5 என்று பின்தங்கி ஜெயித்தே ஆக வேண்டிய நிலையில், d4 (ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாய்) ஆடி, கறுப்பின் இன்னொரு தற்காப்பான நிம்சோ-இந்தியனில் 4.f3 போட்டார். இது முழுக்க வேறு ஆட்டம்: வெள்ளைச் சிப்பாய்கள் ராஜா பக்கம் பாய, கறுப்புச் சிப்பாய் மறுபக்கம் b1 வரை ஓடி ராணியாகி செக் வைத்தது. பிஷப்பை f1-இல் வைத்திருந்தால் ஆட்டம் தொடர்ந்திருக்கும். ஆனந்த் குதிரையை வைத்தார், கறுப்பு ராணி e1-க்கு வந்ததும் (...Qe1) 28 நகர்விலேயே முடிந்தது.

என்னைக் கேட்டால் f3தான் சரியான தேர்வு, அதை இன்னும் முன்னாலேயே எடுத்திருக்கலாம். பெர்லின் டிராவுக்கு நல்லது, பின்தங்கியவருக்கு அதில் என்ன இருக்கிறது?