மியூகோர் தொற்று: பழைய ஆம்போடெரிசினா, லைபோசோமல் ஆம்போடெரிசினா?

2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, கட்டுக்குள் வராத நீரிழிவும் அளவு மீறிய ஸ்டீராய்டும் சேர்ந்த நோயாளிகளிடம் கருப்புப் பூஞ்சை எனப்படும் மியூகோர்மைகோசிஸ் இந்தியாவெங்கும் பெருகியது. இதற்குத் தரும் பூஞ்சைக்கொல்லி மருந்தின் புதிய வடிவமான லைபோசோமல் ஆம்போடெரிசினுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டதால், விலை குறைந்த பழைய வடிவத்தைக் கொடுக்கலாமா என்ற கேள்வி அன்று பல குடும்பங்களை வாட்டியது.

இரண்டிலும் பூஞ்சையைக் கொல்லும் பொருள் ஒன்றே. பழைய வடிவம் சிறுநீரகத்தைக் கடுமையாகத் தாக்கி, பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் இழக்கச் செய்வதோடு, காய்ச்சலையும் குளிர்நடுக்கத்தையும் தருகிறது. கொழுப்புக் குமிழ்களுக்குள் மருந்தை அடைத்த லைபோசோமல் வடிவத்தில் இத்தீங்குகள் குறைவு. அதனால்தான் நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராமும், மூளைக்குப் பரவியிருந்தால் 10 மில்லிகிராமும் வரை தர முடிகிறது. பழையதில் 1 முதல் 1.5 மில்லிகிராமைத் தாண்ட இயலாது. உறுப்பு மாற்றுக்குப் பின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய எதிர்ப்பாற்றல் அடக்கி மருந்தான டாக்ரோலிமஸ் எடுப்பவருக்கும், சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டும் கிரியேட்டினின் ஏற்கெனவே உயர்ந்தவருக்கும் லைபோசோமல்தான் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அது வரும்வரை காத்திருப்பது பெரும் தவறு. இரத்தப் புற்றுநோயாளிகளிடையே 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆம்போடெரிசின் சிகிச்சை ஆறு நாளோ அதற்கு மேலோ தாமதமானவர்களில் 82.9 விழுக்காட்டினர் பன்னிரண்டு வாரத்துக்குள் இறந்தனர். முன்னதாகத் தொடங்கியவர்களில் அது 48.6 விழுக்காடு. வேறு சில பூஞ்சைகளைக் கண்டறிய உதவும் கேலக்டோமன்னன் போன்ற இரத்தப் பரிசோதனைகள் மியூகோரைக் காட்டித் தராது என்பதால், திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே விரைவான வழி. மியூகோருக்குரிய அகன்ற, தடுப்புச் சுவர் அரிதான இழைகள் தெரிந்தால், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சைக்குச் சிறந்த மருந்தான வோரிகோனசோல் இங்கே பயன்படாது. எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் அழுகிய திசுவை அறுவை செய்து அகற்றியாக வேண்டும்.

கையில் பழையது மட்டுமே இருந்தால், முன்கூட்டியே சலைன் ஏற்றி, அன்றே தொடங்குவதுதான் சரி. மருந்தை மட்டும் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலில்தான் கலக்க வேண்டும்; சலைனில் அது திரிந்துவிடும். நீரிழிவு உள்ளவருக்கு இதனால் இன்சுலின் தேவை கூடும். சிறுநீரகம் தளரத் தொடங்கினால் லைபோசோமலுக்கோ, ஐசவுகோனசோல் என்ற வேறொரு பூஞ்சைக்கொல்லிக்கோ மாற்றலாம்.

மருந்துச் சீட்டில் 'ஆம்போடெரிசின்' என்று மட்டும் எழுதாமல் எந்த வடிவம் என்பதையும் எழுதுங்கள். லைபோசோமலுக்குரிய அளவில் பழைய மருந்தை ஏற்றிவிட்டால் இதயம் நின்றுபோகக்கூடும்.